நேப்பாளக் கோயில் சிற்பங்களில் இசைக்கருவிகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அன்புடன் அழைத்த அறக்கட்டளைச் செயலாளர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் இசைக்கல்லூரி முதல்வர் அவர்களே, சிற்பக்கலை அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் கோயில்களில் காணும் நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி என்ற மூன்றையும் பற்றிப் பேச வந்துள்ளேன். சரஸ்வதியின் வீணையை நீங்கள் அறிவீர்கள். குழலுக்குரிய கண்ணனுக்கு அப்பள்ளத்தாக்கின் பாட்டன் நகரில் 1637இல் மன்னர் சித்தி நரசிம்ம மல்லர் எழுப்பிய கற்கோயில் இன்றும் நிற்கிறது. என் நெஞ்சம் நிற்பதோ தோற்கருவியிடத்தில்தான்.

அப்பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் ஆடலுக்கும் இசைக்கும் உரிய தெய்வத்தை நாசத்யா என்று வணங்குகின்றனர். முழவு கற்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் அத்தெய்வத்திற்கு வழிபாடு செய்தாக வேண்டும். கற்று முடித்து ஊரார்முன் வாசிக்கும்போதும் அவ்வாறே. சிவன் கோயில்களில் உடுக்கை ஏந்தி ஆடும் உருவம் அத்தெய்வத்துடையதே என்பர். ஆயினும் பல சந்நிதிகளில் சிலையே இராது. சுவரிலுள்ள வெறும் துளைகளுக்குத்தான் பூசை நடக்கும். இன்னும் கேளுங்கள்! அத்தெய்வம் நேர்கோட்டில்தான் பறந்து செல்லுமாம். வழியில் ஒருவர் வீடு குறுக்கிட்டால், தெய்வம் நுழைந்து செல்வதற்காக அவ்வீட்டுச் சுவரில் துளை விட்டே கட்டுவார்கள். இசைக்காகத் தம் வீட்டுச் சுவரையே திறந்துவைத்த மக்கள் அவர்கள்!

அவர்களது திமய் என்னும் பெருமுழவை ஒருபுறம் நுனி சுருண்ட பிரம்பாலும் மறுபுறம் வெறுங்கையாலும் முழக்குவது மரபு. மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி என்பது நம் பழமொழி. அச்சிற்பங்களின் நிலையும் அதுவே. ஒருபக்கம் நிலநடுக்கம்: 2015 ஏப்ரல் 25 அன்று பாட்டனின் ஹரிசங்கர் கோயிலும் சார் நாராயண் கோயிலும் இடிந்து வீழ்ந்தன. மறுபக்கம் திருட்டு: 1984இல் பாட்டனிலிருந்து களவுபோன லட்சுமி நாராயணர் சிலை அமெரிக்காவின் டல்லாஸ் அருங்காட்சியகம்வரை சென்று, 2021இல்தான் தன் ஊர் திரும்பியது. அது கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய படங்களே சான்றாக நின்றன.

படம் இல்லாத சிற்பத்திற்கு யார் சான்று சொல்வார்? மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி என்று வருந்தியிருப்பது போதாது. கோயிற்கூரைகளைத் தாங்கும் மரச்சட்டங்களிலும் வாயில் தோரணங்களிலும் கருவி ஏந்திய உருவம் ஒவ்வொன்றையும் படமெடுத்து, எக்கோயில், எத்திசை, எக்கருவி என்று அட்டவணையிட வேண்டும். அப்பணியில் சிற்ப அறிஞருடன் நேவார் முழவுக் கலைஞரும் உடனிருக்க வேண்டும். கையின் அமைவைக் கண்டு கருவியை இனங்காண வல்லவர் அவரே. முதல்வர் அவர்கள் ஆண்டுதோறும் இரு மாணவரையேனும் இப்பணிக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன். அவர்களது பயணச் செலவை அறக்கட்டளை ஏற்க முன்வர வேண்டும்.