சிரித்த விரிசலும் கிள்ளிய விரிசலும்

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்கிறவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் வணக்கம். 12 நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"முகப்பரு விட்டுப்போன தழும்பு மறையப் பெரிதும் கைகொடுப்பது சமையலறையா, மருந்துக் கடையா?" இதுதான் தலைப்பு. நான் சமையலறைப் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். முடிக்கும்போது ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் ரசம் வரும், முகத்துக்கு ரசனை வராது." தம்பி, அந்தக் கைதட்டலை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக நான் விடப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

1989. நான் பிளஸ் டூ. பவானிப் பக்கம் அமுச்சி வீட்டில் தங்கிப் படித்தேன். அம்மாவைப் பெற்ற பாட்டியை எங்கள் பக்கம் அமுச்சி என்போம். எனக்கு அப்போது முகத்தில் இடம் பாக்கி இல்லை. நெற்றியில், தாடையில், இரண்டு கன்னத்திலும் பரு. பரு வந்தாலாவது போய்விடும். நான் கிள்ளுவேன். கணக்குப் போடும்போது கிள்ளுவேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது கிள்ளுவேன். ஒவ்வொன்றும் கறுப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். வகுப்பில் இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். குரூப் போட்டோ மாசியில் என்று சொல்லிவிட்டார்கள். போட்டோவில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

ஆயுத பூஜை லீவில் அமுச்சி என்னை வாசல் திண்ணைக்குக் கூப்பிட்டார். சந்தனக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கட்டையை எடுத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இழைத்தார். அதே கல்லில் கஸ்தூரி மஞ்சள் கிழங்கை இரண்டே இழைப்பு. "முதல்ல முழங்கை மடிப்புல பூசு அம்மிணி. நாளைக்கு அரிக்காம இருந்தாத்தான் மூஞ்சிக்கு." மறுநாள் அரிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான், தினமும் சாயங்காலம் 7 மணிக்குப் பூச்சு.

பூசிவிட்டு ஒரே ஒரு சட்டம் போட்டார். "கை மூஞ்சிக்குப் போகக் கூடாது. போனாச் சந்தனம் காட்டிக் கொடுத்துரும்."

சந்தனம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று பூசியவர்களுக்குத் தெரியும். முகம் ஓடு போட்டு மூடின மாதிரி இறுகிப் போகும். பேச முடியாது, மெல்ல முடியாது. அரை மணி நேரம் கழித்து அமுச்சி மூன்று கட்டை டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வருவார். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெற்றி என்று அடித்துப் பார்ப்பார். திருட்டுப் போன வீட்டில் போலீஸ் கால் தடம் தேடுகிற மாதிரி, விரிசல் தேடுவார்.

என் மாமா பையன் ஒருத்தன். இதைக் கண்டுபிடித்துவிட்டான். நான் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே வந்து உட்காருவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கள் கணக்கு வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விடுவாரே, அதை மட்டும் செய்து காட்டுவான். நான் மூச்சைப் பிடிப்பேன், கண்ணை மூடுவேன், பவானி கூடுதுறையை நினைத்துக்கொள்வேன், ஒன்றும் பலிக்காது. வாயோரத்தில் பட்டென்று ஒரு கோடு விழும். அந்தக் கோடு காது வரைக்கும் ஓடும்.

டார்ச் வரும். அமுச்சி குனிந்து பார்ப்பார். "இது சிரிச்ச விரிசல். போச்சாது, போ." விட்டுவிடுவார். வாயோரத்திலிருந்து நீளமாக ஓடினால் சிரித்த விரிசல். வட்டமாக ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தால் கிள்ளிய விரிசல். சிரித்ததற்கு மன்னிப்பு உண்டு. கிள்ளினதற்குத் தண்டனை. எங்கள் ஊரில் தை மாதம் மஞ்சள் வெட்டி வேக வைப்பார்கள். அந்தக் கொப்பரை அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையைக் கணக்கில் ஏற்றி வைத்துக்கொள்வார். தை வந்ததும் ஒவ்வொரு விரிசலுக்கும் வசூல்.

சரி, இப்போது தம்பியின் ரசத்துக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் ரசத்துக்குப் போடுகிற அதே மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 1995இல். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைத் தாங்கள் கண்டுபிடித்ததாக மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பேரில் வாங்கினார்கள். நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். போய் எதிர்த்தது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் பழைய சுவடியில் இருக்கிறது, 1953இல் எங்கள் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது என்று எடுத்து வைத்தது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. எங்கள் அமுச்சி மாதிரிப் பாட்டிகளின் மஞ்சள் வைத்தியத்துக்குச் சாட்சி வாஷிங்டன் வரைக்கும் போயிருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் வந்தாயிற்று. ரசத்தோடு நிற்கிற பொருளா இது?

இன்னொன்றும் கேளுங்கள் தம்பி. நீங்கள் பெருமையாகத் தூக்கிக் காட்டுகிற தழும்பு க்ரீம் இருக்கிறதே, அதன் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பலவற்றில் லிகோரைஸ் என்று இருக்கும். அது என்ன? அதிமதுரம். தொண்டை கட்டினால் பாட்டி வாயில் போட்டுச் சப்பச் சொல்வாரே, அதுதான். அதில் இருக்கும் கிளாப்ரிடின் தோலில் கருமை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது, அதனால் சேர்க்கிறார்கள். தோல் மருத்துவர் மேல் தோலை உரிக்கிற பீலிங்குக்குப் பூசுகிறாரே லாக்டிக் அமிலம், அது எங்கள் தயிரில் வீரியம் குறைவாக இருப்பது. எங்கள் பெட்டியில் இருந்ததை எடுத்து உங்கள் டப்பாவில் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்து ரசம் வைக்கப் போ என்றால் எப்படி?

கைதட்டல் இப்போது எந்தப் பக்கம் என்று நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.

மஞ்சள் ஒரே ராத்திரியில் தழும்பை எடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கும் சண்டைதான். பரு வந்த இடத்தில் தோல் புண்படுகிறது. நம்மைப் போல் மாநிறமும் கறுப்புமான தோலில் நிறமி தாராளம், புண் ஆறும்போது அது அங்கே கூடுதலாகத் தங்கிவிடுகிறது. அந்தக் கறுப்புத் தடம் மங்க மூன்று மாதமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். கிள்ளினால் புண் ஆழமாகும், ஆழமானால் கறுப்பும் ஆழமாகும், பள்ளமே விழுந்தாலும் விழும். பள்ளம் விழுந்த பிறகு எந்தப் பூச்சும் நிரப்பாது, அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கிள்ளுகிற கையைத் தடுக்கிற க்ரீம் எந்த மருந்துக் கடையில் இருக்கிறது? பூசினால் தெரியாமல் உள்ளே போய்விடும் உங்கள் க்ரீம். அதன் மேல் கிள்ளினால் யாருக்குத் தெரியும்? எங்கள் சந்தனம் காட்டிக் கொடுக்கும். டார்ச் லைட்டோடு வருகிற வைத்தியம் தம்பி, எங்களுடையது!

எலுமிச்சை தேய்த்து முகம் வெந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியும் எதிரணியில் சொன்னார்கள். கேட்டு எனக்கும் வருத்தம். ஆனால் அதை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் எலுமிச்சையைத் தலைக்குத் தேய்ப்பார்கள், நெற்றிக்குக் கீழே இறக்க மாட்டார்கள். அத்தனை புளிப்பு முகத்துத் தோலுக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்து, முன்னைவிடக் கறுத்துவிடும். பேக்கிங் சோடா, டூத் பேஸ்ட் எல்லாம் அப்படித்தான். போனில் பார்த்துச் செய்கிறவை அவை. சமையலறையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் முகத்தில் அப்புவது வீட்டு வைத்தியம் ஆகாது. சோற்றுக் கற்றாழையைக்கூட எங்கள் அமுச்சி வெட்டி, மஞ்சளாக வடிகிற பால் முழுக்க இறங்கும் வரைக்கும் நிறுத்தி வைத்து, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவித்தான் தொட விடுவார். அந்தப் பால் அரிக்கும். கஸ்தூரி மஞ்சளைக் கிழங்காகத்தான் வாங்குவார், தூளை நம்ப மாட்டார். இன்றைக்கு மஞ்சள் தூளில் பளபளப்புக்கு ஈயம் கலந்த நிறமியைச் சேர்க்கிற கலப்படக்காரர்கள் இருக்கும்போது, அது எவ்வளவு சரி என்று எனக்குப் புரிகிறது. பூச்சோடு வெயிலில் போகவும் விட மாட்டார். வெயில்தான் தழும்பைக் கறுக்க வைக்கிற முதல் எதிரி. இந்த ஒரு இடத்தில் நான் மருந்துக் கடைக்குப் போவேன், எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் வாங்குவேன், கூடவே குடையும் எடுத்துக்கொள்வேன்.

மற்றபடி மருந்துக் கடையைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் தெருவில் ஒரு பெண். கல்யாணத்துக்கு இரண்டு மாதம். ஒரு கடையில் போய் "தழும்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டாள், மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு ட்யூபைக் கொடுத்துவிட்டார்கள். பத்தே நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. நாங்களே அசந்துபோனோம். ட்யூப் தீர்ந்ததும் முகம் சிவந்தது, எரிந்தது, பழைய பருவோடு புதுப் பருவும் கூட்டமாக வந்தது. கன்னத்தில் பூனை முடி. அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. அவளை மீட்டுக் கொண்டுவந்தவர் ஒரு தோல் மருத்துவர்தான், அவருக்குக் கைகூப்புகிறேன். மருத்துவர் எனக்கு எதிரணி இல்லை. சீட்டுக் கேட்காமல் கவுண்டரில் நீட்டுகிற கைதான் எதிரணி. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. 2023இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்த சிலருக்குக் காரணம் தேடிப்போன மருத்துவர்கள், அவர்கள் பூசிய சிவப்பழகு க்ரீமிலும் அதன் பாதரசத்திலும் போய் நின்றார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் முடிந்திருக்கிறது, ஐயா!

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒரே நிமிடம்.

மாசியில் குரூப் போட்டோ எடுத்தார்கள். கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றேன். தழும்பு முழுக்கப் போகவில்லை, பாதி மங்கியிருந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. நாலரை மாதம் தினமும் ஒருத்தி என் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அருவருப்பு இல்லாமல் பார்த்தாள். பதினாறு வயசுப் பெண்ணுக்கு, தன் முகத்தைத் தானே பார்க்கப் பிடிக்காத வயசில், அது என்ன என்று இங்கே இருக்கிற அக்கா தங்கைகளுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு நாள் நான் ஏமாற்றினேன். கார்த்திகை மாதம். இடது கன்னத்தில் ஒரு பரு, உள்ளுக்குள்ளே விண் விண் என்று தெறித்தது. அமுச்சி திண்ணையிலேயே கண் அசந்துவிட்டார். பூச்சுக்கு அடியில் நகத்தை விட்டேன். ரத்தம் வந்தது. பயந்துபோய், கிண்ணத்தில் மீதம் இருந்த சந்தனத்தை எடுத்து அந்த ஓட்டையை மூடிவிட்டேன். எழுந்தார், டார்ச் அடித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் அமுச்சிக்குக் கண் தெரியாமல் போனது. நான் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். வழக்கம் போல என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். டார்ச் இல்லை, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நெற்றி, வலது கன்னம், இடது கன்னம். அந்தப் பள்ளத்தில் விரல் நின்றது.

"இது சிரிச்ச விரிசல் இல்லியே, அம்மிணி."

"இல்லீங்க அமுச்சி. கிள்ளினதுதான். அன்னிக்கு நீங்க கண் அசந்தப்ப. உங்களுக்குத் தெரியாம ஒட்டுப் போட்டுட்டேன்."

"தெரியுமே கண்ணு. மத்த இடமெல்லாம் காஞ்சிருந்துச்சு, அந்த இடம் மட்டும் ஈரமா இருந்துச்சு. அழுத கண்ணோட உட்கார்ந்திருந்தே. டார்ச்சை அணைச்சுட்டேன்."

நடுவர் அவர்களே, அந்தச் சந்தனக் கல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. என் மகள் பத்தாவது படிக்கிறாள். மணி 7 ஆகப் போகிறது, பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கிளம்புகிறேன், வணக்கம்.