எலி தின்ன மனுஷனுக்காக நாலு வார்த்தை

நடுவர் அவர்களே, எதிரணியே, ஹாரி பாட்டர கரைச்சு குடிச்ச ரசிகப் பெருமக்களே, வணக்கம். மணி நடுவர் கைல இருக்கு, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

ஹாரியோட அப்பாவுக்கு உயிர் நண்பன், ஹாரிக்கு ஞானத்தந்தை (காட்ஃபாதர்), சிரியஸ் பிளாக். அவரு ஹாரிக்கு நல்ல வழிகாட்டியா, இல்லையா? நல்ல வழிகாட்டிதான்னு பேச வந்திருக்கேன். பாயிண்ட் எல்லாம் எழுதி எடுத்துட்டுதான் வந்தேன் நடுவரே, ஆனா எதிரணித் தலைவர் போற போக்குல ஒண்ணு சொன்னாரு பாருங்க, பேப்பர மடிச்சு பாக்கெட்ல போட்டுட்டேன். "தன் வயித்துக்கே வழியில்லாம குகைக்குள்ள எலி புடிச்சு தின்னவன், அவனாய்யா ஒரு பையனுக்கு வழிகாட்டி?" அப்படின்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. மூணாவது வரிசை கொஞ்சம் ஓவராவே தட்டிச்சு, பாத்துட்டுதான் இருந்தேன்.

ஐயா, எலி தின்னாரு. இல்லைங்கல. ஏன் தின்னாருன்னு கேட்டீங்களா?

நாலாவது புத்தகத்துக்கு வாங்க. மனுஷன் செய்யாத குத்தத்துக்கு விசாரணையே இல்லாம 12 வருஷம் அஸ்கபான்ங்கற மந்திரவாதிங்க ஜெயில்ல கெடந்து, தப்பிச்சு, எங்கேயோ வெயில் அடிக்கிற தேசத்துல நிம்மதியா இருக்காரு. லெட்டர் கொண்டு வர்றது கூட கலர் கலரா பெரிய பெரிய பறவைங்க. அந்த நேரம் பாத்து பையன் ஹாரி ஒரு லெட்டர் போடறான், நெத்தித் தழும்பு வலிக்குதுன்னு. அவ்ளோதான். வந்து காப்பாத்துன்னு எல்லாம் எழுதல. இவரு உடனே பதில் போடறாரு, கெளம்பிட்டேன்னு. பையன் பதறிப்போய், ஐயோ வராதீங்க, நான்தான் ஏதோ அரைத்தூக்கத்துல கற்பனை பண்ணிட்டேன், வலியே இல்லன்னு பொய்யா இன்னொரு லெட்டர் போடறான். அதுக்கு இவரு பதில் என்ன தெரியுமா, நல்ல முயற்சிடா ஹாரி, நான் வந்தே சேந்துட்டேன்!

எங்க வந்து சேந்தாரு? நாடே தேடுற ஆளு, புடிச்சா ஆன்மாவையே உறிஞ்சிடுவாங்க, அந்த நாட்டுக்கே வந்து, பையன் படிக்கிற ஸ்கூலுக்கு பக்கத்து ஊரு மலைக்குகைல உக்காந்துட்டாரு. ஹாரியும் அவன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் பாக்கப் போறாங்க. கருப்பு நாய் ஒண்ணு வாயில பழைய நியூஸ்பேப்பரோட நிக்குது. சிரியஸுக்கு நாயா மாறத் தெரியும், அந்த நாய்தான் இவரு. குகைக்குள்ள போனதும் நாய் மனுஷனாகுது, பேப்பர வாயில இருந்து எடுத்ததும் மொத வார்த்தை என்ன தெரியுமா நடுவரே? "சிக்கன்!"

சிரிங்க, நானும் சிரிச்சேன். ஆனா இன்னொரு தடவ சொல்றேன், மெதுவா கேளுங்க. நீ எப்படி இருக்கன்னு கேக்கல, வழில எவனாவது பாத்தானான்னு கேக்கல, "சிக்கன்!" அந்தளவுக்கு பசி. இங்க என்ன பண்றீங்க சிரியஸ்னு ஹாரி கேட்டா, எலும்ப நாய் மாதிரியே கடிச்சுக்கிட்டு, ஞானத்தந்தையோட கடமைய பண்றேங்கறாரு. ஊருக்குள்ள ரொம்ப திருடினா மாட்டிக்குவேன், அதான் எலின்னு சாதாரணமா சொல்றாரு. தழும்பு வலிக்குதுன்னு ஒரு வரி எழுதினதுக்கு எலி தின்ன ஆளுங்க இது. எதிரணித் தலைவரே, உங்களுக்காக யாராவது எலி வேணாம், ஒருவேளை சாப்பாட்ட தள்ளிப் போட்டிருக்காங்களா?

சரி, தப்பே பண்ணலையான்னா, பண்ணாரு. ஹாரியோட ஃப்ரெண்ட் ரான் காலு உடைஞ்சது இவரால, ஸ்கூல்ல காவலுக்கு இருந்த குண்டம்மா ஓவியத்த கிழிச்சது இவரு, பதினாறு வயசுல கூடப் படிச்ச ஸ்னேப்ப ஓநாய் மனுஷன் கிட்ட அனுப்பி வெச்சதும் இவருதான். நீ நான் நெனச்ச அளவுக்கு உங்கப்பன் மாதிரி இல்லன்னு பையன் மனசு நோகப் பேசினாரு, அத மன்னிக்க எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வேற ஸ்கூல் பையன் க்ரம் கூட ஹாரி காட்டுப் பக்கம் நடந்ததுக்கு லெட்டர் போட்டு கிழிகிழின்னு கிழிச்சதும் இதே ஆளுதான், அத ஏன் எதிரணில யாருமே சொல்லல?

கடைசியா ஒண்ணு. ஏழாவது புத்தகம், காடு. பையன் சாகப் போறான், தெரிஞ்சே போறான், வயசு 17. செத்தவங்கள வரவழைக்கிற மந்திரக் கல்ல திருப்பறான், செத்துப்போனவங்க நாலு பேரு வந்து நிக்கறாங்க. பெத்த அப்பா, பெத்த அம்மா, அப்பாவோட ஃப்ரெண்ட் லூபின், சிரியஸ். "வலிக்குமா?"ன்னு பையன் சின்னப் புள்ள மாதிரி கேட்டுடறான். இத்தன பேரு நிக்கும்போது அதுக்கு பதில் சொன்னது யாரு? சிரியஸ். வலிக்கவே வலிக்காதுடா, தூங்கறத விட சுலபம்னு. இது நல்ல வழிகாட்டுதலா கெட்ட வழிகாட்டுதலான்னு மார்க் போட எனக்கு வரல நடுவரே, உங்களுக்கு வந்தா போடுங்க.

மணி அடிச்சுட்டீங்க. வீட்டு வேலைக்கார குட்டிப்பூதம் க்ரீச்சர சிரியஸ் நடத்துன விதத்துக்கு பதிலே சொல்லலையேன்னு எதிரணில எழுந்து நிக்கறாங்க, தெரியுது. அத எனக்கு அடுத்து வர்ற எங்க அணித் தங்கச்சி பாத்துக்குவாங்க, மாட்டிக்கிட்டது அவங்கதான். நன்றி, வணக்கம்!