புது ஸ்டேடியத்தில் களை கட்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

என்னைப் பேச அழைத்தவர்கள் அறிமுகத்தில் ‘விளையாட்டு ஆர்வலர்’ என்று சொன்னார்கள். மரியாதைக்குச் சொன்னது. நான் மைக் செட்காரன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் முப்பத்தைந்து வருஷம் குழாய் கட்டியிருக்கிறேன். கால்பந்து டோர்னமெண்ட் என்றால் மட்டும் வாடகையைக் குறைத்துக்கொண்டாவது போய்விடுவேன். அங்கே மைக்கும் என் கையில்தான் இருக்கும். கோல் போட்டவர் பெயர், கீழே கிடந்த சாவிக்கொத்து, வழியை அடைத்து நிற்கிற வண்டி, எல்லாவற்றையும் நானே அறிவிப்பேன்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். ஒரு கால்பந்து அணி பழைய மைதானத்தை விட்டுவிட்டுப் புது ஸ்டேடியத்துக்குக் குடிபோகிறது. ஆட்டத்தன்று பழைய இடத்தில் கட்டிய களை புது இடத்திலும் கட்டுமா? களை என்றால், சாமி புறப்பாடு ஆன நிமிஷத்தில் தெருவே வேறு மாதிரி ஆகிவிடுமே, அது. அதையெல்லாம் அளக்க முடியாது என்பார்கள். நான் அளந்திருக்கிறேன், என் ஆம்ப்ளிஃபயரை வைத்து. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. பாலாற்றங்கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், கேட்டுக்கொண்டிருப்பார்கள். மைதானம் என்று சொன்னாலும் அது ஒரு பொட்டல். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து மதில், எதிர்ப்பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்பின் நீளமான தகர ஷெட், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நாலு புளிய மரம். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். கார்னர் அடிக்க வருகிற பையனுக்குப் பின்வாங்கி ஓடிவர இடமிருக்காது. “அண்ணே, கொஞ்சம் காலை மடக்குங்கண்ணே” என்று கெஞ்சிவிட்டுத்தான் அடிப்பான். மடக்கின கால் அடுத்த நிமிஷம் மறுபடி நீண்டுவிடும். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு பெரியவர் லைன்ஸ்மேன் கூடவே நடப்பார், அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டு.

அங்கே எனக்கு ஒரு தீராத தொல்லை. கோல் விழுந்தால் மைக் கூவும். கூட்டம் போடுகிற சத்தம் தகர ஷெட்டில் மோதித் திரும்பி மைக்குக்குள் வரும். அது குழாய் வழியாகப் பெரிதாகி வெளியே போய், மறுபடி மைக்குக்கே வரும். அப்புறம் ‘வீல்’ என்று ஒரே ஊளை. ஊர்க்காரர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அதனால் பந்து கோல் பக்கம் போனாலே என் கை தானாக வால்யூம் திருகிக்குப் போய்விடும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் டிவியில் மேட்ச் பார்க்கும்போதுகூட பெனால்டி என்றால் வலது கை ரிமோட்டைத் தேடும். என் மனைவி சிரிப்பாள்.

அடுத்த வருஷம் டோர்னமெண்டை முறையான மைதானத்துக்கு மாற்றினார்கள். சுற்றிலும் ஓட்டப் பாதை, ஒரு பக்கம் சிமெண்ட் கேலரி, கம்பி வேலி. அதே அணிகள், அதே ஜனங்கள். சொல்லப்போனால் கூட்டம் இரண்டு பங்கு. ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் கோல். என் கை திருகியில் தயாராக இருக்கிறது. மைக் கூவவில்லை! கூட்டம் கத்துகிறது, எனக்குத் தெரிகிறது, எல்லோரும் கையைத் தூக்கிக் குதிக்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி கேட்கிறது. நான் “கோல்” என்று அறிவித்தேன். எதிர்ச் சுவரிலிருந்து என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. வொயர் அறுந்துவிட்டதோ என்று கம்பம் கம்பமாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் முதலில் காலால் அளப்பேன். நீங்களும் மனதுக்குள் கூடவே நடந்து பாருங்கள். 400 மீட்டர் ஓட்டப் பாதை, எட்டு லேன். அதன் அகலம் மட்டும் கிட்டத்தட்ட 10 மீட்டர். பக்கவாட்டில் அதோடு போயிற்று. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பாதை வளைந்து போவதால், கோல் கோட்டிலிருந்து முதல் வரிசைக்கு 35 மீட்டருக்கு மேல் ஆகிவிடும். 35 மீட்டர் என்பது நம்ம தெருவில் ஏழெட்டு வீடு. எட்டு வீடு தள்ளி நின்றுகொண்டு கோல்கீப்பரைக் கிண்டல் செய்தால் அவன் காதில் என்ன விழும்?

இன்னொன்று. கல் குவாரியில் வெடி வைக்கும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் புழுதி எழும், சத்தம் அப்புறம் வரும். ஒலிக்கு ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர்தான் போக முடியும். ஓட்டப் பாதையோடு கட்டிய ஸ்டேடியத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 180 மீட்டர். இங்கே தட்டுகிற கை அங்கே கேட்க அரை வினாடிக்கு மேல். பஜனையில் ஜால்ரா அரை வினாடி பிந்தினால் எப்படி இருக்கும்? கேலரிகள் ஒன்றோடொன்று சேராது. தனித்தனியாகக் கத்தும், ஓய்ந்துவிடும்.

ஆகவே ‘புதுசு வந்தால் களை போய்விடும்’ என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இத்தாலியில் டூரின் நகரத்து யுவென்டஸ் அணியைப் பாருங்கள். 1990 உலகக் கோப்பைக்குக் கட்டிய பிரம்மாண்டமான ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓட்டப் பாதை உண்டு, அறுபதாயிரத்துக்கு மேல் இடமும் உண்டு. கூட்டம்தான் நிறையாது. ஆயிரம் பேர் மண்டபத்தில் நூறு பேருக்குப் பந்தி போட்ட கதை. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011-ல் சுமார் 41,000 பேருக்கான சின்ன ஸ்டேடியம் கட்டினார்கள். முதல் வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஏழரை மீட்டர். களை பழையதைவிடப் பல மடங்கு. லண்டனில் டாட்டன்ஹாம் அணி 2019-ல் திறந்த ஸ்டேடியத்தில், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரே முனையில் 17,500 பேரை ஒரே சரிவாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரே சரிவு என்றால் குரல் துண்டுபடாது. ஜெர்மனியில் டோர்ட்மண்ட் அணியின் ஸ்டேடியத்தில் ஒரு முனையில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். டாட்டன்ஹாம்காரர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அதே லண்டனில் வெஸ்ட் ஹாம் அணி 1904-லிருந்து இருந்த மைதானத்தை விட்டு 2016-ல் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனது. இடம் பெரிசு, ஆனால் ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டியது. நான் சொன்ன அந்தத் தூரத் தொல்லைதான் அங்கேயும். 2018-ல் ஒரு ஆட்டத்தில் ரசிகர்கள் உள்ளே இறங்கி, ஒருவர் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் நட்டுவிட்டார். என்ன வயிற்றெரிச்சல் இருந்தால் அப்படிச் செய்வார்!

உடனே ஒரு நேயர் கேட்பார், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஓட்டப் பாதை இல்லையா என்று. உண்டு. 1997-ல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு அங்கே 1,31,000 பேர் வந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை அடித்தது, பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல். அங்கே களைக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் கத்தினால் என் கணக்கெல்லாம் தூசு. ஆனால் தினமும் ஒரு லட்சம் பேர் வரமாட்டார்களே.

பழையதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு மரக் கேலரியும் தகரக் கூரையும் உயிர். ஆனால் 1985-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அப்படிப்பட்ட மரக் கேலரிதான் தீப்பிடித்து 56 பேர் செத்தார்கள். 1989-ல் அதே நாட்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கிற இடத்தில் நெரிசல், 97 உயிர். அதற்கப்புறம்தான் அங்கே பெரிய அணிகளின் மைதானங்களில் எல்லோருக்கும் நாற்காலி என்று சட்டம் வந்தது. பாதுகாப்பான கம்பித் தடுப்போடு நின்று பார்க்க 2022-ல்தான் மறுபடி அனுமதித்தார்கள். களைக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறவன் இல்லை நான்.

சரி, என் தங்கை மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் இங்கே நர்ஸிங் படித்துவிட்டு லிவர்பூலில் வேலை பார்க்கிறாள். அங்கே எவர்டன் அணிக்கு குடிசன் பார்க் என்று ஒரு மைதானம், 1892-லிருந்து. வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒரு மூலையில் சர்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், நம்ம ஊரில் கோயில் மதிலை ஒட்டிப் பூக்கடை இருக்கிற மாதிரி. தூண் மறைக்கிற இருக்கைகள்கூட உண்டு. இவளோடு வேலை பார்க்கிற ஒரு அம்மா சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், ஒரு நாள் இவளைக் கூட்டிக்கொண்டு போனார். “மாமா, உனக்காகத்தான் ரெக்கார்ட் பண்ணேன்” என்று ஃபோனில் அனுப்பினாள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். கூட்டம் எழுந்திருக்கும்போது மர இருக்கைகள் படபடவென்று மடிகிற சத்தம், அதற்குமேல் கூரையிலிருந்து திரும்புகிற குரல். எனக்கு அந்தத் தகர ஷெட் ஞாபகம் வந்துவிட்டது. நாலு தடவை கேட்டேன்.

2025 மே மாதம் ஆண்கள் அணி அங்கே கடைசி ஆட்டம் ஆடியது. ஆகஸ்டில் மெர்ஸி ஆற்றங்கரையில், பழைய கப்பல் துறையில் கட்டிய புது ஸ்டேடியத்துக்குப் போனார்கள். 52,000 பேருக்கு மேல் கொள்ளும். தெற்குக் கோடியைச் செங்குத்தாக, ஆடுகளத்தை ஒட்டியே எழுப்பியிருக்கிறார்கள். பழைய மைதானத்தையும் இடித்துவிடவில்லை, பெண்கள் அணி அங்கே ஆடுகிறது. நல்ல காரியம்.

புது இடத்திலிருந்தும் ரெக்கார்டிங் வந்தது. சத்தத்துக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன், நன்றாகவே ஏறுகிறது. கோல் விழுந்தபோது என் கை திருகியைத் தேடியது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிஷத்தைக் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. பழையதில் அந்தப் பத்து நிமிஷமும் ஒரே பேச்சு, சிரிப்பு, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். புதியதில் அந்த அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. வலது பக்கத்துக்காரரிடம் பெயர் கேட்கிறார். அந்த அம்மாவோடு பழைய இடத்தில் இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் இப்போது வேறு கேலரியில். கூரையை இன்ஜினியர் கட்டிவிடுவார், முதல் வரிசையையும் கிட்டே கொண்டுவந்துவிடுவார். பக்கத்து இருக்கைக்காரரையும் சேர்த்துக் குடிபெயர்க்க வேண்டும் என்று யாராவது பட்டியல் போட்டுக் கவனிக்க வேண்டும். நம்ம ஊரில் கல்யாண மண்டபம் மாற்றினால்கூட, பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்க ஒரு சித்தப்பா இருப்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு ஆள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் எழுதி வைத்திருந்தேன். ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நம்ம பக்கத்துக் காளை விடும் விழா. இரண்டு பக்கமும் ஜனங்கள், நடுவே சந்து மாதிரி வழி, காளை வினாடிக் கணக்கில் பறந்துவிடும். அதைக் கேலரி கட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மதுரைப் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே 2024 ஜனவரியில் அரங்கம் திறந்தார்கள். ஆனாலும் அலங்காநல்லூரில் பொங்கலுக்கு ஊர் வாடிவாசல்தான். இரண்டாவது, காட்பாடியிலிருந்து ரயில் ஏறிச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிற பையன்களின் பாடு. சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், அதெல்லாம் வசதிதான். ராத்திரி திரும்புகிற ரயிலுக்காகக் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்க்காமலே ஓடிவருவார்கள், கோலெல்லாம் அப்போதுதான்... சரி, விளக்கு சிவப்பாகிவிட்டது. வணக்கம்.