'ன்னு சொல்லுதாவ' எங்கே போச்சு?

தோழர்களுக்கும், வேலை முடித்து நேராக இங்கே வந்திருக்கும் அக்காமார், அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஒருவர் பேச்சை வெட்டி, பெயரும் நாளும் இல்லாமல் போனில் அனுப்புகிறோமே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். நம் திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடல் அருகே ஒரு ஊரில் நடந்த திண்ணைக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பீடி சுற்றுகிற பெண்கள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் கையும் நிற்கவில்லை. மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். கத்தரி 'கிரிச் கிரிச்' என்று வெட்டிக்கொண்டே இருக்க, ஓர் அக்கா பேசினார். மைக் கிடையாது. நம் தோழர் ஒருவர் போனைச் சுளகு ஓரத்தில் வைத்துப் பதிவு செய்தார். மொத்தம் 22 நிமிடம்.

அதில் ஓரிடத்தில் அந்த அக்கா சொன்னது இது: "சங்கத்துக்குப் போறதெல்லாம் வேலையத்த வேல, அந்த நேரத்துல நாலு கட்டு சுத்துனா காசாவது மிஞ்சும்ன்னு சொல்லுதாவ. சொல்லுதவுக யாராவது நம்ம பி.எஃப். புத்தகத்தக் கேட்டு ஒரு நாளாவது பீடிக்கடை வாசல்ல நின்னுருக்காவளா?"

ஸ்டேட்டஸில் வைப்பதற்காக யாரோ அதை 30 விநாடியாக வெட்டினார்கள். கத்தரி விழுந்த இடம் 'மிஞ்சும்'. அதற்குப் பிறகு இருந்த 'ன்னு சொல்லுதாவ' போய்விட்டது. பேசியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை. நாலு குழு தாண்டி அது எனக்கு வந்தபோது, சங்கமே வேண்டாம் என்று ஒரு பீடித் தொழிலாளி சொல்கிறார் என்ற தலைப்போடு வந்தது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து காதால் கேட்டவன் நான். எனக்கே ஒரு நிமிடம், "இந்த அக்காவா இப்படிப் பேசினாங்க?" என்று திக்கென்றது. முழுப் பதிவைத் தேடிப்பிடித்துக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

நம் மொழியின் வாகு அப்படி. அடுத்தவர் சொன்னதை முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் 'என்று சொல்கிறார்கள்' என்போம். மேடையில் பேசிப் பழகியவர்கள் எதிராளியின் வாதத்தை அவன் குரலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டுகிறவர் அந்த ஒரு விநாடியை விட்டுவிட்டால், எதிராளியின் வாதம் பேசியவர் வாயிலேயே ஒட்டிக்கொள்கிறது. பொய்யாக ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க வேண்டாம். ஆகவே ஒரு பேச்சை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வாக்கியம் முடிந்த இடத்தில் நிற்காமல் கருத்து முடிகிற வரைக்கும் போங்கள். முழுப் பேச்சு எங்கே, யாரிடம் கிடைக்கும் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

பேச்சு யார் கையில் பதிவாகிறது என்பது இந்த ஊருக்குப் புதிய சங்கதி இல்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு 40 ஆண்டு, சிவாவுக்கு 10 ஆண்டு. பேசியதுதான் குற்றம். என்ன பேசினார்கள் என்பதற்கு அரசுத் தரப்பு நம்பியது போலீஸார் எடுத்த குறிப்புகளை. இன்று நம் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற பதிவுக் கருவி அன்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமும் இல்லை. நம்மிடம் இருக்கிறது. இருந்தும் யார், எங்கே, எப்போது என்று சொல்லாமல் அனுப்பினோம் என்றால் நாளைக்கு நம் பேச்சுக்கு நாமே சாட்சி நிற்க முடியாது.

நாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தம்பிமார் கேட்கிறார்கள். 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸார் தடியால் அடித்து விரட்டியதில் 17 உயிர் தாமிரவருணியில் போனது. ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் உண்டு. வருஷா வருஷம் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவிப் பேசுகிறோம். பழைய ஆண்டுப் பேச்சு ஒன்று நாள் போடாமல் வந்தால், இந்த ஆண்டு கூடிப் பேசினவர்கள் பேசியதாகவே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். பேசியவர் அதற்குப் பிறகு கட்சி மாறியிருக்கலாம், கருத்து மாறியிருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஆடியோவின் கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்குமே என்பீர்கள். அது அனுப்பிய, வந்த தேதி. பேசிய தேதி அல்ல.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: பொதுமேடையில் ஆற்றும் உரைக்கு முதல் உரிமையாளர் அதைப் பேசியவர்தான். 57ஆம் பிரிவு, இது என்னுடையது என்று சொல்லவும், தன் பெயர் கெடும்படி அதைத் திரித்தால் தட்டிக் கேட்கவும் படைத்தவருக்கு உரிமை தருகிறது. பீடி சுற்றுகிற அக்காவுக்கும் அதே சட்டம்தான்.

சரி, பெயரை எங்கே போடுவது? கீழே எழுதினால் இரண்டாவது கை மாறும்போதே உதிர்ந்துவிடும். குரல் பதிவென்றால் எழுதவே இடமில்லை. அதனால் குரலிலேயே வையுங்கள். பதிவைத் தொடங்கியதும், "இன்ன நாள், இன்ன ஊர், பேசுகிறவர் இன்னார், பதிவு செய்வது இன்னார்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். முடிக்கும்போது இன்னொரு தரம். பத்து விநாடி வேலை. பதிவு செய்த தோழரின் பெயரை விட்டுவிடாதீர்கள். அந்தத் திண்ணையில் 22 நிமிடம் போனைக் கவனித்துக்கொண்டே இருந்தவர் அவர். அவர் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் இவ்வளவும் பேசியவர் சம்மதித்தால்தான். நான் இங்கே அந்த அக்காவின் பெயரைச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். நேற்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "பேரு இப்பம் வேண்டாம்யா. கடையில இலைய அளவு குறைச்சுப் போடுவான், சுத்துனதயும் கழிச்சிருவான். எம் மவ காலேஜு முடிக்கட்டும், அப்புறம் நானே சொல்லுதேன்." பெயரைப் போடுவது மரியாதை என்றால், அவர் வேண்டாம் என்னும்போது போடாமல் இருப்பதும் அதே மரியாதைதான். அப்படிப்பட்ட இடத்தில், 'பெயர் சொல்ல விரும்பாத பீடித் தொழிலாளி' என்று போட்டு, நாளையும் பதிவு செய்தவர் பெயரையும் சொல்லுங்கள். வேறு யாராவது பெரிய ஆள் பெயரை மட்டும் தயவுசெய்து அதன் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கிளம்பும்போது அந்த அக்கா ஒன்று சொல்லி அனுப்பினார். "கூட்டத்துல போடு, எல்லாரும் கேக்கட்டும். போன்ல அனுப்பாத." அதனால் எல்லாரும் போனை அணைத்துப் பையில் வையுங்கள். முழு 22 நிமிடத்தையும் இப்போது போடுகிறேன். நடுவில் கேட்கிற சத்தம் கோளாறு இல்லை, கத்தரி.