கட்டாமல் விட்ட கோபுரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1603 முதல் ஜப்பானை ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளர்களாக ஆண்ட தோகுகாவா குலத்தைத் தாங்கியது மூத்த கிளையா, இளைய கிளைகளா? இளைய கிளைகளே என்கிறோம் நாங்கள். சற்றுமுன் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "இளைய கிளைக்காரன் திண்ணையில் காத்திருப்பவன். உள்ளே யாராவது செத்தால்தான் அவனுக்கு வேலை." கைதட்டல் பலமாக விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

திண்ணைக்காரர் ஒருவரைச் சொல்கிறேன், கேளுங்கள். ஹோஷினா மசாயுகி. இரண்டாம் ஷோகுன் ஹிதேததாவின் மகன். பட்டத்து மனைவி பெற்ற பிள்ளை இல்லை என்பதால் வேறு வீட்டில், வேறு பெயரோடு வளர்ந்தவர். அண்ணன் இயெமிட்சு ஷோகுன் ஆன பின் தம்பியை அழைத்து உயர்த்தினார். 1643-ல் ஐசு என்ற சிற்றரசு நாட்டைக் கொடுத்தார். சாகும்போது தன் சிறு பிள்ளையையும் இந்தத் தம்பியை நம்பித்தான் விட்டுப் போனார்.

1657. ஷோகுனின் தலைநகரான எடோ, இன்றைய தோக்கியோ, எரிந்தது. கோட்டைக்குள் ஐந்து அடுக்காக நின்ற பெரிய கோபுரமும் எரிந்தது. ஷோகுனின் கௌரவமே அதுதான். சரி, திரும்பக் கட்டவேண்டாமா? வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கல் அடித்தளம் எழும்பிவிட்டது. ஐயா, கவனியுங்கள், அடித்தளம் எழும்பிவிட்டது! அப்போது மசாயுகி சொன்னார்: வேண்டாம். இந்தக் கோபுரம் தூரத்தைப் பார்க்கத்தான் உதவும். ஊர் சாம்பலாகக் கிடக்கிறது. பணம் ஊருக்குப் போகட்டும். கஜானா காலியாகிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அவர் அசையவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், வீடிழந்தவனுக்குப் பணம் கொடுத்தார்கள்.

அப்புறமாவது கட்டினார்களா? இல்லை. அடுத்த ஷோகுன்? இல்லை. அதற்கடுத்தவர்? இல்லை! தோக்கியோ அரண்மனைத் தோட்டத்துக்குப் போனால் இன்றைக்கும் அந்தக் கல்மேடு மட்டும்தான் நிற்கிறது. குலத்தின் பெருமையைவிட ஊரின் பசி பெரிது என்று அரண்மனைக்குள் சொன்னவர், அந்த அரண்மனைக்கு வெளியே வளர்ந்த பிள்ளை.

1716-ல் மூத்த கிளை ஏழு வயது நிறையாத குழந்தையோடு அற்றுப்போனது. இளைய கிளைகளில் ஒன்றான கீ கிளையிலிருந்து யோஷிமுனே வந்து ஷோகுன் ஆனார். ஜனங்கள் மனுப் போட ஒரு பெட்டி வைத்தார். அதில் விழுந்த ஒரு வைத்தியரின் மனுவால் 1722-ல் ஏழைகளுக்கு இலவச மருத்துவமனை வந்தது. செத்தால்தான் வேலையாம். வந்த வேலை இது!

மறுபடியும் ஐசுவுக்கு வருகிறேன். ஷோகுனுக்கு ஒரே மனதாக உழைக்கவேண்டும் என்று மசாயுகி தன் வீட்டுக்குச் சட்டம் எழுதிவைத்தார். 200 ஆண்டு கழித்து, 1868-ல், பேரரசரின் புதிய அரசுக்குக் கடைசி ஷோகுனே பணிந்துவிட்டார். ஆனாலும் அந்த அரசின் படை ஐசுவை விடவில்லை. 16, 17 வயதுப் பிள்ளைகள் ஆயுதம் எடுத்தார்கள். ஈமோரி குன்றின்மேல் நின்று புகையைப் பார்த்தார்கள். கோட்டை போய்விட்டது என்று நினைத்துத் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கோட்டை விழவில்லை, ஐயா! அதன் பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் நின்றது. அதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை.

அவர்களின் தலைவர் மட்சுதைரா கதமோரி நாட்டை இழந்தார். கடைசிக் காலத்தில் நிக்கோ என்ற ஊரில் ஒரு கோயிலின் தலைமை அர்ச்சகராக இருந்தார். அது யார் கோயில் தெரியுமா? குல முதல்வர் இயெயாசுவின் கோயில். எல்லாம் போன பிறகும் அந்தக் குலத்துக்கே சேவை செய்யப் போனார், நடுவர் அவர்களே. தீர்ப்பு எங்களுக்கு வேண்டும். நன்றி.