ஜெராக்ஸ் கட்டும் ஒரு பழைய கேசட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மின்விசிறி ஓடாத இந்த மண்டபத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

வெகுசனப் பண்பாட்டை ஆராய்கிறவர்கள் படங்களையும் பாட்டுகளையும் கட்டுரைகளையும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது ஆய்வை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சாட்டினார். பிரதி எடுப்பது திருட்டு. ரசிகன் ஆய்வாளன் ஆக முடியாது. ஹார்ட் டிஸ்க் நிறையச் சேர்த்துவிட்டால் அது படிப்பு ஆகிவிடாது. பேச்சின் நடுவே ஒரு ஜெராக்ஸ் கட்டை உயர்த்திக் காட்டி, பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலையும் துணைக்கு அழைத்தார். தொலைக்காட்சி ஒன்றைச் சொல்ல, பார்க்கிறவர் அதை வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஹாலின் புகழ்பெற்ற கட்டுரைதான் அந்தக் கட்டு. சரி, அந்தக் கட்டுரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் ஒரு சின்ன ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பண்பாட்டு ஆய்வு என்று இன்று நாம் சொல்லும் துறைக்கு அதுதான் பிறந்த வீடு. பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? பெங்குயின் பதிப்பகத்தின் ஆலன் லேன். பதிப்பாளர் வயிற்றில் அடிக்கிறோம் என்கிறாரே எதிரணித் தலைவர், தொட்டிலுக்கே பதிப்பாளர்தான் காசு கொடுத்தார் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

ஹோகார்டுக்குப் பின் மையத்தை நடத்திய ஹால், அந்தக் கட்டுரையை 1973இல் எழுதினார். அச்சுப் புத்தகம் ஒன்றில் அது சேர்ந்தது 1980இல். இடையில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் அதை எப்படிப் படித்தார்கள்? ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, உருளையில் உருட்டி எடுத்த தாள்களாகப் படித்தார்கள். மாணவர் எழுதியதும் ஆசிரியர் எழுதியதும் அப்படித்தான் வெளியே போயின. முழுதாக வேகாத கட்டுரையாக இருந்தாலும், மை காய்வதற்குள் அடுத்தவர் கைக்குப் போய்விடும். நம் ஊரில் துண்டறிக்கையும் சிற்றிதழும் சைக்ளோஸ்டைலில் உருட்டியவர்களுக்கு அந்த மை வாசனை தெரியும். பளபளவென்று அச்சாகும்வரை காத்திருந்திருந்தால், எதிரணித் தலைவர் இன்று மேற்கோள் காட்டுவதற்கு ஒரு துறையே இருந்திருக்காது.

ஹால் சொன்னது சரியா என்று சோதித்துப் பார்த்தவர் டேவிட் மோர்லி. பிபிசியில் வார நாட்களில் மாலையில் 'நேஷன்வைட்' என்று ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு நாள் ஒளிபரப்பை எடுத்துக்கொண்டு 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். வங்கி மேலாளர்கள் ஒரு பக்கம், தொழிற்சங்கக்காரர்கள் ஒரு பக்கம், தொழிற்பயிற்சிப் பையன்கள் ஒரு பக்கம். மேலாளர்களுக்கு நிகழ்ச்சியின் பார்வையே உறுத்தவில்லை. சங்கத்து ஆட்களில் சிலர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். சரி, எல்லாம் வர்க்கம்தான் என்று முடிவுகட்டலாமா? முடியாது. தொழிலாளி வீட்டுப் பயிற்சிப் பையன்கள் மேலாளர்கள் பக்கம் சாய்ந்தார்கள். 1980இல் இது புத்தகமாக வந்தபோது பலருக்கும் கண் திறந்தது. என் கேள்வி சின்னது. மாலையில் ஒளிபரப்பாகிக் காற்றோடு போய்விட்ட நிகழ்ச்சியை 29 தடவை போட்டுக் காட்டுவது எப்படி? நாடாவில் பிடித்து வைத்தால்தான் முடியும். பிரதி இல்லையென்றால் சோதனை கிடையாது. அப்புறம் கண்டுபிடிப்புக்கு எங்கே போவது?

"அதெல்லாம் உரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நிறுவனமே பத்திரமாக வைத்திருக்கும்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். ஐயா, அதே பிபிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் வந்த 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் எத்தனையோ பகுதிகளை நிறுவனமே அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், வைக்க இடமில்லை, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. படம் போனது போனதுதான். ஆனால் அப்படிக் காணாமல் போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. காப்பாற்றியது நிறுவனம் இல்லை. வீட்டில் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, அம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்த பையன்கள். ரசிகர்கள்! ரசிகன் ஆய்வாளனுக்கு எதிரி என்றாரே, அந்த ரசிகன் இல்லையென்றால் ஆய்வாளனுக்கு அழிந்த பகுதிகளின் ஒலிகூட மிஞ்சியிருக்காது.

நம் பக்கம் வருவோம். 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவும் அப்படித்தான். அவற்றைப் பற்றிக் கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறதென்றால், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அணா காசுக்கு வாங்கியதைத் தூக்கி எறியாமல் யாரோ வைத்திருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று பார்க்காமல் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அது 1994இல் சென்னையில் நூலகமாயிற்று. அவர் சேர்க்கும்போது அதற்குப் பெயர் ஆய்வு இல்லை, வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் குப்பை என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

என் அனுபவம் ஒன்று. எண்பதுகளின் தொலைக்காட்சி பற்றி வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாணவி தன் அப்பா பதிவு செய்து வைத்திருந்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்தாள். 'ஒளியும் ஒலியும்'. பாட்டுகள் எல்லாம் இன்று போனிலேயே கிடைக்கும், பளிச்சென்று, கீறல் இல்லாமல். ஆனால் கேசட்டில் பாட்டுக்கு நடுவே வந்த சோப்பு விளம்பரம் இருந்தது, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை இருந்தது, வெள்ளிக்கிழமை மாலை ஒரு வீடு எப்படி இருந்தது என்பதே அதில் இருந்தது. அந்த ஒரு கேசட்டை வைத்து நாலு வகுப்பு எடுத்தேன். உரிமை வைத்திருப்பவர் விற்கும் பிரதி கழுவித் துடைத்த பிரதி. எங்களுக்கு வேண்டியதோ அந்த அழுக்கு.

இனி சட்டம். திருட்டு என்ற சொல்லைச் சட்டமே அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டம் டிவிடியைப் பிரதி எடுக்கவிடாமல் போட்டிருக்கும் பூட்டை உடைப்பதைத் தடை செய்தது. சொந்தக் காசில் வாங்கிய டிவிடியிலிருந்து மூன்று நிமிடக் காட்சியை வகுப்புக்காக வெட்டி எடுத்தாலும் சட்டமீறல்! திரைப்படப் பேராசிரியர்கள் முறையிட்டு, 2006இல் விலக்கு வாங்கினார்கள். 2010இல் அது இன்னும் விரிந்தது. காட்சிகளை வெட்டி ஒட்டி லாப நோக்கமில்லாமல் காணொளி செய்யும் ரசிகர்களும் அதற்குள் வந்தார்கள். டெல்லியில் 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் ஒரு ஜெராக்ஸ் கடைமேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் வழக்குப் போட்டன. பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்துக் கொடுத்ததுதான் குற்றமாம். பதிப்புரிமை தெய்வம் தந்த உரிமையோ இயற்கையாக வந்த உரிமையோ அல்ல என்று 2016இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. படம் வெளியான அன்றே போனில் இறக்கிப் பார்த்துவிட்டு, "ஆய்வுக்காக" என்று சொல்கிறவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எதிரணி அதைத் தொடவே இல்லையே என்று எனக்கு வருத்தம். ரசிகர்கள் இலவசமாக எழுதிப் பகிர்ந்த கதைகளையும் காணொளிகளையும் எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம். பிறகு அந்தக் கட்டுரையை, அந்த ரசிகர்களே காசு கட்டினால்தான் படிக்க முடியும் என்ற ஆய்விதழில் கொண்டுபோய் வைக்கிறோம். எடுத்தது தப்பில்லை, திருப்பிக் கொடுக்காததுதான் தப்பு. இதை உணர்ந்துதான் ரசிகர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2008இல் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்கள். ரசிகராகவும் ஆய்வாளராகவும் ஒரே ஆள் இருக்கலாம் என்பதற்கு அதில் எழுதுகிறவர்களே சாட்சி.

நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். கடைசியாக எதிரணித் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் உயர்த்திக் காட்டிய அந்த ஜெராக்ஸ் கட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பச்சை மையில் கிறுக்கியிருப்பது என் கையெழுத்து. போன வருஷம் வாங்கிக்கொண்டு போனீர்கள். அவசரமில்லை, தீர்ப்புக்கு அப்புறம் தந்தால் போதும்.