தேவத்தை பசிலிக்காவும் திருகோணமலையும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிறவர்கள் ராகமையைக் கடந்துதான் கோட்டை நிலையத்தை அடைகிறார்கள். ராகமைக்கு அருகே, தேவத்தையில், இலங்கை மாதாவின் பசிலிக்கா உயர்ந்து நிற்கிறது. போர்க்காலத்தில் வைத்த ஒரு நேர்த்திக்காகக் கட்டிய ஆலயம் அது. அந்த நேர்த்தியில் நம் ஊருக்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேர்த்தியை வைத்தவர் கொழும்புப் பேராயர் ஜீன் மரி மாசோன். அமலமரித் தியாகிகள் சபைத் துறவி, பிரெஞ்சுக்காரர். அவருடைய தாய்நாடு ஜெர்மனியிடம் வீழ்ந்த 1940ஆம் ஆண்டிலேதான், இந்தத் தீவு போரின் அழிவிலிருந்து தப்பினால் மாதாவுக்குப் பெரிய ஆலயம் எழுப்புவதாக அவர் நேர்ந்துகொண்டார்.

ஆனால் போர் வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு வந்தன. துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டுகள் விழுந்தன. எண்ணெய்க் குதம் பற்றி எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

அப்படியென்றால் காப்பாற்றப்பட்டது யார்? திருகோணமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனாலும் எதிரிப்படை இங்கே தரையிறங்கவில்லை. ஜப்பானியர் பிடித்த மலாயாவிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட அவர்களால் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே மடிந்த தமிழர்களை நினைத்துப் பார்த்தால், எதிலிருந்து தப்பினோம் என்பது புரியும். நன்றி சொல்லத்தான் வேண்டும். குண்டுக்குப் பலியானவர்களை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மாசோன் 1947இல் காலமானார். தாய் வைத்த நேர்த்தியைப் பிள்ளை செலுத்துவது நம்மிடையே வழக்கம். கோணேசருக்கு வைத்தாலும் மாதாவுக்கு வைத்தாலும் அப்படித்தான். இங்கே அந்தப் பிள்ளையாக நின்றவர் அடுத்த பேராயர் தோமஸ் கூரே. அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர்; 1965இல் நாட்டின் முதல் கர்தினாலும் ஆனார். அவர் காலத்தில் சுதந்திரம் வந்தது. 1960இல் திருச்சபை நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அது பெரிய அடி. பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி வழிபாட்டு முறையையே மாற்றியமைத்தது. யாரோ வைத்த நேர்த்தியைக் கிடப்பில் போட இவற்றில் ஏதாவது ஒன்றே போதும். கூரே கிடப்பில் போடவில்லை. நேர்ந்து 34 ஆண்டுகளுக்குப் பின், 1974 பெப்ரவரியில் ஆலயம் இறைவனுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. 1988இல் காலமான கூரேயை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

இலங்கை மாதாவின் திருவிழா பெப்ரவரி 4, நாட்டின் சுதந்திர தினம். கிழக்கிலிருந்து தேவத்தைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அன்றைய மன்றாட்டுகளில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் உயிரிழந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி அங்குள்ள குருவானவர்களிடம் சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் அந்த மன்றாட்டு சொல்லப்பட வேண்டும்.

வணக்கம்.